டீ குடிக்காத புள்ளி

எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகி, "ஆனாலும் தங்கமான மனுஷி" என்று முடிப்பேன் என யாரும் காத்திருக்க வேண்டாம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதிலும் ஏதாவது தப்புக் கண்டுபிடிப்பார். அச்சரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஐம்பதை நெருங்கிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு காலை சர்ச், மற்ற ஆறு நாளும் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் "ரிஜெக்ட் அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேரிலேயே. அவரும் "இன்னா?" என்று திரும்பிப் பார்ப்பார்.

இருபது வருஷமாக நாள் முழுக்க ஒவ்வொரு இரும்புத் துண்டாக எடுத்து அளந்து, நல்லது ஒரு பெட்டி, கெட்டது ஒரு பெட்டி என்று போட்டுப் போட்டு, மொத்த உலகமும் அவருக்கு இரண்டு பெட்டியாகிவிட்டது. பஸ்ஸில் ஒரு பெண் புது டிபன் பாக்ஸை ஆசையாகக் காட்டினால், வாங்கி, தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பார். "சைடுல ஒழுவுது பாரு. ரிஜெக்ட்." அது ஒழுகத்தான் செய்யும். எரிச்சலே அதில்தான். பொய்க் குற்றம் சொல்கிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

என் கல்யாணப் பத்திரிகையை என் அப்பா கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். அன்று மாலையே பத்திரிகையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீ போட்டுக்கீற தேதி வியாழக்கெழம. புதன்னு அடிச்சி வெச்சிக்கீற. ஜனம் எந்த நாளு வரும்?"

நானூறு பத்திரிகை அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அப்பா மூன்று நாள் போனும் கையுமாக உட்கார்ந்து ஊர் ஊராகத் திருத்தம் சொன்னார். "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா முணுமுணுத்தது அந்தம்மா காதில் விழுந்துவிட்டது. "குத்தம் பாக்கலன்னா மண்டபத்துல சுத்தமே இருந்திருக்காது, ஒரு ஆளு வந்திருக்காது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கல்யாணத்துக்கு வந்தார், சரியான நாளில். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மாமியார் அதையே பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, "ரெண்டு தடவ பாரு." எதையும் ஒரே தடவை பார்த்துவிட்டுப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னொன்று சாட்சி. தொழிற்சாலையில் அளந்தவர் ஒரு கையெழுத்து, கூட நின்று பார்த்தவர் ஒரு கையெழுத்து, பக்கத்தில் நேரம். இது அங்கே நடைமுறை. அந்தம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காஸ் சிலிண்டர் வந்தால் டீக்கடை மேடையில் தராசு வைத்து எடை போட்டு, டீ மாஸ்டரிடம் நோட்டை நீட்டுவார். பாவம், அந்த ஆள் அடுப்பில் பால் பொங்க, கையெழுத்துப் போட்டு நேரமும் எழுதுவார்.

ஒருமுறை பால் பாக்கெட்டில் அளவு குறைகிறது என்று அவர் எழுதப்போக, பூத்துக்காரரைத் தெருவே திட்டியது. இரண்டு வாரம் கழித்துத்தான் தன் வீட்டு அளவுக் குடுவையில் தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. காலையில் பூத்தில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், "தப்பு என்னுது. என் டம்ளர்தான் ரிஜெக்ட்டு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எழுதியதன் தலைப்பிலேயே திருத்தத்தையும் போட்டார். அந்தக் கதையைச் சொல்லும்போது பூத்துக்காரருக்குக் கண் கலங்கும். எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. தன் தப்பைக்கூட இத்தனை ஒழுங்காக ஒருவர் செய்ய முடியுமா?

எழுதியது என்றேனே, அது அவருடைய வலைப்பூ. பஸ்ஸில் போகும்போது போனிலேயே தட்டித் தட்டி எழுதுவார். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுவார். மிக்ஸி, குடை, கொசு மட்டை என்று ஆரம்பித்து, பிறகு போனில் வரும் ஆப்களுக்கு வந்தார். ஜாதகம் பார்க்கும் ஒரு ஆப்பில் தன் பிறந்த நேரத்தை இரண்டு தடவை போட்டு, இரண்டு வேறு ஜாதகம் வந்ததை வரிசையாக ஒட்டி, "இதில் எது நான்?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்து நான்கூடச் சிரித்தேன். அடுத்த ஆப் என்னுடையது என்று அப்போது தெரியாது.

செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளியோடு சேர்த்து எட்டுப் பேர். கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் செயலி எங்கள் சரக்கு. பஸ்ஸில் ஒரு சின்னக் கருவி, அது தன் இருப்பிடத்தைச் சொல்லும், தொழிலாளியின் போனில் நீலப் புள்ளி நகரும். அச்சரப்பாக்கம் வழியாக வரும் அந்தத் தொழிற்சாலை பஸ்ஸிலும் எங்கள் கருவிதான்.

தொல்லை என்னவென்றால், திண்டிவனத்தில் கிளம்பும் பஸ் ஒலக்கூரைத் தாண்டியதும் கருவிக்குச் சிக்னல் போய்விடும். மேல்மருவத்தூர் பக்கம்தான் திரும்ப வரும். நடுவில் புள்ளி அசையாமல் நிற்கும். "புள்ளி நின்னா ஆப் செத்துப்போச்சுன்னு நினைக்கிறான் தம்பி. நகர வை" என்றார் முதலாளி. நகர வைத்தேன். சிக்னல் இல்லாத நேரத்தில், பஸ் சராசரி வேகத்தில் வந்துகொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டு, புள்ளி தானாகவே ஓடும்படி எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. சிக்னல் வந்ததும் சத்தமில்லாமல் பின்னால் ஓடிவந்து நிஜ பஸ்ஸோடு சேர்ந்துகொள்ளும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி எனக்கு.

பயன்படுத்துவோர் நிபந்தனைகளை எழுதும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. எனக்கென்ன சட்டம் தெரியும்? ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் நிபந்தனைகளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டேன். அதில் பதினான்காவது, எங்கள் எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் இந்தச் செயலியைச் சோதித்துப் பார்த்த முடிவையோ கருத்தையோ யாரும் எங்கும் வெளியிடக் கூடாது என்பது. ஒட்டும்போது அதை நான் படிக்கக்கூட இல்லை.

செயலி ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆனதற்கு முதலாளி எங்களை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். கடலைப் பார்த்தபடி வறுத்த இறால் தட்டு வந்து இறங்கிய நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து அவர் போனுக்கு ஒரு சுட்டி வந்தது. எழுந்து நின்று, கடல் இரைச்சலுக்கு மேல் கத்திப் படித்தார்.

பதினோரு காலை. இரண்டு போன், ஒரு கைக்கடிகாரம். புள்ளி அச்சரப்பாக்கம் நிறுத்தத்துக்கு வந்த நேரம், பஸ் வந்த நேரம், சாட்சி. பதினோரு நாளும் புள்ளி பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் முன்னால் ஓடியிருந்தது. பஸ் மட்டும் பதினோரு நாளும் ஐந்தரைக்கும் ஐந்து முப்பத்தைந்துக்கும் நடுவில் வந்திருந்தது. "இந்தப் புள்ளி பஸ் இல்லை. பஸ் இங்கே இருக்கும் என்று யாரோ நினைத்துக்கொண்டது. புள்ளியைப் பார்க்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்" என்று அந்தம்மா முடித்திருந்தார்.

அந்த "யாரோ" நான்தான். இறால் தட்டைத் தள்ளி வைத்தேன். பொய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பொய்யில்லை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

"உங்க ஊருதானே அந்தப் பொம்பள? பேசி எடுக்க வை" என்றார் முதலாளி.

ஞாயிறு சர்ச் விட்டு வரும் நேரம் பார்த்துப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இன்னா தம்பி, ஆபீசுல அனுப்பிச்சாங்களா?"

"அக்கா, அத எடுத்துடுங்கக்கா. ரொம்ப பேஜாரா கீது."

அவர் நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "எந்த வரி பொய்யி? ஒண்ணே ஒண்ணு காட்டு. உன் எதுருலியே அழிச்சிட்றேன்."

பார்ப்பதுபோல் பார்த்தேன். பதினோரு வரிசை. டீ மாஸ்டர், பூக்காரம்மா, பேப்பர் போடுகிறவர் என்று பதினோரு கையெழுத்து.

"பொய்யினு சொல்லலக்கா. எங்கள கேக்காம எழுதக் கூடாதுனு நிபந்தனைல போட்டுக்கீது. நீங்க ஒத்துக்கினுதான ஆப்ப ஏத்துனீங்க?"

"நான் எங்க ஒத்துக்கினேன்? பஸ் இன்சார்ஜி அல்லாரு போனையும் ஒரு பையில வாங்கினு போனாரு. அவரே அமுக்கி, அவரே ஒத்துக்கினு, சாயங்காலம் திருப்பிக் குடுத்தாரு. அப்பறமா நான் ஒக்காந்து அத்தினியும் படிச்சேன். சண்ட வந்தா அமெரிக்காவுல ஏதோ ஒரு ஊரு கோர்ட்டுக்குப் போவணும்னு எழுதிக்கீது. நான் எந்த பஸ்ஸுல போவறது? யாரு எழுதுனது இத?"

"வக்கீலு" என்றேன்.

"ரெண்டு தடவ படிச்சிப் பாக்கச் சொல்லு அவர."

பேச்சை மாற்ற, சராசரி வேகம் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கினேன். கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தொழுப்பேடு தாண்டி ஒரு கடையில டிரைவரு டெய்லி வண்டிய நிறுத்தி டீ குடிக்கிறாரு. பத்து நிமிசம். உன் புள்ளி டீ குடிக்காது, ஓடிக்கினே கீது" என்றார்.

எனக்கு அந்த டீ தெரியாது. ஆறு மாதத்தில் ஒருநாள்கூட நான் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை.

"போன மாசம் புச்சா சேந்த பொண்ணு ஒண்ணு, புள்ளி தாண்டிப் போச்சின்னு பயந்துகினு, பஸ்ஸ புடிக்கலாம்னு லாரிக்குக் கைய காட்டி ஏறிடுச்சி. இருட்டுல. பஸ்ஸு பின்னாடி வந்துகினு கீது. அதுக்கு ஒண்ணும் ஆவல. ஆவறதுக்கு முன்ன எழுதுறேன். ஆன பின்னாடி எழுதி இன்னா புண்ணியம்?"

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "ஆப்பு நல்லாத்தான் கீது. புள்ளிய மட்டும் நிக்க வெச்சிடு. நிக்குதுன்னு அதையும் எழுதுறேன்" என்றார். நியாயமான பேச்சு. அதற்காகவே அவரை இன்னும் வெறுத்தேன்.

முதலாளி புள்ளியை நிறுத்த ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் நான்கு தொழிற்சாலைகளோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. "அந்தம்மாவுக்கு எழுத உரிமை இருக்குன்னா எனக்குத் தொழில் பண்ண உரிமை இல்லையா?" என்று கேட்டுவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஏழு நாளில் நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும். ஐந்தாவது நாள் அந்த நோட்டீஸே தபாலில் திரும்பி வந்தது. மேலே சிவப்புப் பேனாவால் அளவாக ஒரு கட்டம், அதற்குள் "ரிஜெக்ட்". கீழே காரணம்: எந்த வரி தப்பு என்று குறிப்பிடப்படவில்லை. நேரமும் போட்டிருந்தார். கூடவே நோட்டீஸின் படம் வலைப்பூவில் ஏறியது. அதுவரை பஸ்ஸில் போகிறவர்கள் மட்டும் படித்த வலைப்பூவை, சென்னை போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் எல்லாத் தொழிற்சாலையும் படித்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

முதலாளி தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் போட்டார். உங்கள் ஊழியர் உங்கள் பஸ் போகும் நேரத்தையெல்லாம் பொதுவில் வெளியிடுகிறார், வழக்குப் போடப்போகிறோம் என்று. அடுத்த வாரமே அந்தம்மாவைத் தரப் பிரிவிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். அளவுகோலையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். "எழுதினது உண்மைன்னு கோர்ட் சொல்லட்டும், உங்க சீட்டு உங்களுக்கு. பொய்யின்னு ஆனா வேலையே இல்ல" என்று மேனேஜர் சொன்னாராம். இருபது வருஷம் குற்றம் பார்த்த கை அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டியது. கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாளி சொன்னபடியே செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்கும் போட்டார். அங்கே அந்தம்மாவின் வக்கீல் வராந்தாவில் வைத்து அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. "நிபந்தனைல என்ன வேணா எழுதிக்கலாம்மா. காசு கொடுத்தவனோ பயன்படுத்துறவனோ உண்மையச் சொல்லக் கூடாதுன்னு அத வெச்சு வாயத் தைக்க முடியாது. அதுவும் நீங்க அமுக்காத பட்டனுக்கு. ஆனா ஒண்ணு, அவதூறுன்னு வழக்குப் போட்டா, எழுதினது உண்மைன்னு காட்ட வேண்டியது நாமதான்."

அங்கேதான் என் தேவை வந்தது. புள்ளியை எழுதியவன் நான். "செயலியில் தெரியும் புள்ளி பேருந்தின் உண்மையான இருப்பிடத்தையே எப்போதும் காட்டுகிறது" என்று நான் சத்தியம் செய்து ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். "நீ சொன்னாத்தான் எடுபடும்" என்றார் முதலாளி. தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் முதல் ஆள் நான். என் அப்பா அடுத்தவர் வயலில் குனிந்தே முதுகு வளைந்தவர். அந்த நாற்காலியை விட எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தம்மாவின் அம்மாவும் அதே வயலில் நாற்று நட்டவர்தான். ஆனால் அதை நினைக்காமல் இருக்க எனக்குத் தெரிந்திருந்தது.

கோர்ட் வளாகத்தில் நோட்டரியின் மேஜைக்கு முன்னால் நான் நிற்க, எதிர்த் திண்டில் அந்தம்மா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவ பாத்தியா தம்பி?"

"பாத்தேன்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

நீதிபதி எங்கள் வாக்குமூலத்தையும் அவருடைய நோட்டையும் படித்தார். இரண்டையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞரை ஆணையராகப் போட்டார். ஆணையர் என்றால் பெரிய அதிகாரி என்று நினைத்தேன். ஸ்கூட்டியில் வந்த இளம்பெண். இரு தரப்பும் உடன் இருக்க வேண்டும் என்பதால், புள்ளி பிறந்து பத்து மாதம் கழித்து முதல்முறையாக, விடியற்காலை ஐந்தேகாலுக்கு நான் அச்சரப்பாக்கம் நிறுத்தத்தில் போய் நின்றேன். டீக்கடை வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் இல்லை. லாரிகள் போகும்போது தரை அதிர்ந்தது. இந்த இடத்திலா இத்தனை மாதம் பெண்களை நிற்க வைத்தோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை விழுங்கிக்கொண்டேன்.

ஐந்து இருபத்திரண்டு. ஆணையர் கையிலிருந்த போனில் புள்ளி தெற்கிலிருந்து வந்தது, நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தது, எங்களைத் தாண்டிப் போனது. ரோட்டில் ஒரு நாய் மட்டும் போனது. ஆணையர் போனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளியின் வக்கீல், "இன்னிக்கு ஏதோ நெட் சரியில்லை மேடம்" என்றார். அந்தம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார், மறுபடி பார்த்து டிக் அடித்தார்.

ஐந்து முப்பதுக்கு எங்கள் தெருப் பக்கமிருந்து ஒரு பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். வெளிச்சத்துக்கு வந்ததும்தான் கண்டுகொண்டேன். என் மனைவி. அந்தத் தொழிற்சாலையில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். அவள் போனில் எங்கள் ஆப்பை நானே ஏற்றிக் கொடுத்திருந்தேன். அன்று இருட்டோடு நான் கிளம்பும்போது கோர்ட் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். மற்ற நாளில் நான் எழுந்திருப்பதே ஏழு மணிக்கு. அவள் எப்போது கிளம்புகிறாள், எதைப் பார்த்துக் கிளம்புகிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

ஆணையர் அவளை நிறுத்தினார். "ஏம்மா, ஆப்ல பஸ் போயிடுச்சுன்னு காட்டுதே. நீங்க இப்பத்தான் நிதானமா வர்றீங்க?"

"அதப் பாக்க மாட்டேங்க. இந்த அக்கா எழுதினத பாத்துகினுதான் டெய்லி கெளம்புவேன். அஞ்சு முப்பதுக்கு வந்தா கரீட்டா இருக்கும்."

ஆணையர் குறிப்பேட்டைப் புரட்டினார். "உங்க பேரு, வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க."

அவள் என் பக்கம் கையை நீட்டி, "தோ நிக்கிறாரே" என்றாள்.

ஐந்து முப்பத்து மூன்றுக்கு பஸ் வந்தது. முதலாளியின் வக்கீல் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தம்மா சிரிப்பார், ஏதாவது குத்திப் பேசுவார் என்று காத்திருந்தேன். நோட்டைத் திறந்து என்னிடம் நீட்டினார். பன்னிரண்டாவது வரிசை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்ததுக்குப் போடு."

போட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "நேரம் போடல. ரிஜெக்ட்டு."

5.33 என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் என் மனைவியும் பஸ்ஸில் ஏறினார்கள். கையில் இருந்த போனைப் பார்த்தேன், புள்ளி மேல்மருவத்தூரைத் தாண்டியிருந்தது.

ஆணையர் அறிக்கை கோர்ட்டுக்குப் போகுமுன் முதலாளி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். பதிவு அப்படியே நிற்கிறது, யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அந்தம்மா ஜெயித்தார் என்று பஸ்ஸில் லட்டு கொடுத்தார்களாம். ஆனால் வழக்கே இல்லையென்றால் தீர்ப்பு எங்கிருந்து வரும்? மேனேஜர் அதையே பிடித்துக்கொண்டார். "கோர்ட் உண்மைன்னு சொல்லலையே?" அந்தம்மா நோட்டை எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்து, பன்னிரண்டாவது வரிசையைக் காட்டியிருக்கிறார். ஆப்பை எழுதியவரே போட்ட கையெழுத்து.

மேனேஜர் எனக்குப் போன் செய்தார். நான் ஆபீஸில் இருந்தேன். எதிர் நாற்காலியில் முதலாளி.

"இந்த அம்மா நோட்டுல உங்க கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கு. உங்களதுதானா?"

முதலாளி பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பார்த்தாத்தான் சார் சொல்ல முடியும்" என்றேன். வந்து பாருங்கள் என்று மேனேஜர் சொல்லவில்லை. காட்டுங்கள் என்று நானும் கேட்கவில்லை. அத்தோடு முடிந்தது. இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. அந்தம்மா வேலையை விட்டுப் போகும்வரை பேக்கிங்கிலேயே இருந்தார். என் நாற்காலி என்னிடமே இருக்கிறது. இத்தனை நாள் அவர்மேல் என்று நினைத்துக்கொண்டிருந்த வெறுப்பில் பெரும்பங்கு யார்மேல் என்று இப்போது எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது. அதற்காக அவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மேனேஜர் போன் செய்த மறுநாளே அந்தப் பதிவின் தலைப்பில் ஒரு திருத்தம் ஏறியிருந்தது. "பன்னிரண்டாம் வரிசையின் சாட்சி, தன் கையெழுத்தைத் தானே உறுதி செய்யவில்லை. எனவே அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மற்ற பதினொன்றும் அப்படியே." கீழே நோட்டுப் பக்கத்தின் படம். அந்த வரிசையின் மேல் அளவுகோல் வைத்து இழுத்த ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடியில் என் கையெழுத்தும், பக்கத்தில் 5.33-ம் தெளிவாகத் தெரிகின்றன.

அன்று சாயங்காலம் என் மனைவி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னாங்க, இது உங்க கையெழுத்துதான?"

அவளிடம் மட்டும் ஆமாம் என்றேன்.